உங்கள் சிற்பத்தை டிஜிட்டல் சேகரிப்புப் பொருளாக்குவது எப்படி? ராமநாதபுரம் கடலோரச் சிற்பிகளுக்கு முழுமையான வழிகாட்டி

சிற்பத்தைச் சுற்றிலும் படம் எடுத்து (இதுதான் ஸ்கேன்), மென்பொருளில் முப்பரிமாண உருவமாகக் கட்டி, அதை என்எஃப்டி என்ற டோக்கனாக, அதாவது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் பதிவாகும் டிஜிட்டல் சான்றாக ஆக்குவதுதான் இந்த வேலை. அப்படிப் பதிவதற்குப் பெயர் மின்ட். இந்த வேலையில் மின்ட் செய்வது கடைசிப் பத்து நிமிடம். புதிதாக இறங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். வாலட் (டோக்கனும் கிரிப்டோவும் வைக்கும் டிஜிட்டல் பணப்பை) திறக்கிறார்கள், டோக்கன் விற்கும் சந்தைத் தளத்தில் கணக்குத் தொடங்குகிறார்கள், போனில் நாலு படம் எடுத்து உடனே மின்ட் செய்துவிடுகிறார்கள். சிலையின் முதுகுப் பக்கம் ஓட்டையாக இருப்பதும் தமிழ் விவரம் கட்டம் கட்டமாகத் தெரிவதும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். வாங்கியவரும் "சிலை எப்ப வரும்?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார். மின்டுக்கு முன்னால் எதையும் திருத்தலாம். பின்னால் திருத்தச் செலவாகும், பல சமயம் திருத்தவே முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே தரும் அளவுகள் 30 முதல் 90 செ.மீ. உயரமுள்ள கல், மரம், சுடுமண், சுதை, சங்குச் சிற்பங்களுக்கானவை.

1. வாங்குகிறவருக்கு என்ன போகிறது என்பதை முதலில் எழுதுங்கள்

மூன்று வழிகள் உண்டு. டோக்கன் மட்டும் போகும், சிலை உங்களிடமே இருக்கும்; டோக்கனும் சிலையும் சேர்ந்து போகும்; அல்லது டோக்கனைக் காட்டிப் பின்னால் சிலையை வாங்கிக்கொள்ளலாம். ஒற்றைச் சிற்பம் என்றால் இரண்டாவதே நல்லது. சிலையை 30 நாளுக்குள் அனுப்பிவிட்டு, டோக்கனைச் சான்றிதழாக அவரிடமே விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி இந்தக் கரைக்கு ஒத்துவராது. "எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று விற்ற சுதைச் சிலை பாம்பன் உப்புக்காற்றில் இரண்டு மூன்று வருடம் நின்றால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், மேல்பூச்சு வெடிக்கும். அதற்குள் டோக்கன் கைமாறியிருந்தால், உடைந்த சிலைக்கு யாரிடம் பதில் சொல்வது?

வரியும் இந்த முடிவைப் பொறுத்து மாறும். மத்திய அரசின் 2022 ஜூன் 30 தேதியிட்ட 75/2022 அறிவிக்கையின்படி, டோக்கன் கைமாறும்போது அதோடு இணைந்த உண்மைப் பொருளின் உடைமையும் சட்டப்படி செல்லுபடியாகும் விதத்தில் கைமாறினால், அந்த என்எஃப்டி மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்ற வரையறைக்குள் வராது (அந்தச் சொத்துக்கான வரி 12ஆம் பிரிவில்). 'சட்டப்படி செல்லுபடியாகும்' என்பதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. கூரியர் செலவு யாருடையது, எத்தனை நாளில் அனுப்புவீர்கள், வழியில் உடைந்தால் என்ன, பதிப்பு எத்தனை, முப்பரிமாண அச்சு எடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டா என்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

2. உரிமையையும் பொருளையும் சரிபாருங்கள்

சிற்பம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைப்படைப்பு. செய்தவரே முதல் உரிமையாளர். ஆனால் ஒரு பட்டறையில் சம்பளத்துக்கு வேலை செய்தபோது அந்த வேலையாகவே செதுக்கியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குப் போகும். பழைய பட்டறைச் சிலையை டோக்கனாக்க நினைத்தால் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கோயில் விக்கிரகம், தேவாலயச் சுரூபம், தர்கா வேலைப்பாடு எதையும் அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்து விற்க வேண்டாம்.

பதிப்புரிமையில் ஒரு பகுதியையாவது வாங்குகிறவருக்குக் கொடுப்பதாக இருந்தால் காலத்தையும் நாட்டையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது பொருள். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரை ஒதுங்கியதுதானே என்று பீடத்துக்கு ஒரு பவளத் துண்டை வைப்பவர்கள் இன்னும் உண்டு. அந்தச் சிலையை முப்பரிமாணத்தில் உலகத்துக்கே காட்டுவது உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே பதிவு செய்வதுதான். ஹெல்மெட் சங்கு, நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி வகைகளுக்கும் இதே எச்சரிக்கை. சாதாரணச் சங்கு என்றாலும் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

3. சிப் வைப்பதானால் இப்போதே குழி வெட்டுங்கள்

சிலைக்கும் டோக்கனுக்கும் தொடர்பு காட்ட, போனை அருகில் வைத்தால் இணைப்பைத் திறக்கும் என்எஃப்சி சிப் பதிக்கலாம். என்டிஏஜி 213 போன்ற சாதாரணச் சிப்பில் இருக்கும் இணைப்பை யாரும் நகலெடுத்து இன்னொரு சிப்பில் எழுதிவிட முடியும். என்டிஏஜி 424 டிஎன்ஏ ஒவ்வொரு முறை தொடும்போதும் புதிய சங்கேதக் குறியீட்டைத் தருவதால் நகல் எடுபடாது. அதையே வாங்குங்கள்.

சிப் வில்லையைவிட 1 மி.மீ. அகலமாக, 2 முதல் 3 மி.மீ. ஆழத்தில் குழி எடுத்து, எபாக்சி ஊற்றி மூடுங்கள். மூடாத சிப்பை உப்பீரம் அரித்துவிடும். தூக்க முடியாத கல் என்றால் அடியில் வைக்காதீர்கள், போன் எட்டும்படி பின்பக்கக் கீழ் ஓரத்தில் வையுங்கள். வெண்கலத்துக்கும் செம்புக்கும் உலோகத்துக்கென்றே வரும் ஃபெரைட் அடுக்குள்ள சிப் வேண்டும். சாதாரண சிப் உலோகத்தின் மேல் வேலை செய்யாது.

குழி வெட்டுவது படம் எடுப்பதற்கு முன், சிப்பில் இணைப்பை எழுதுவது மின்டுக்குப் பின். முதல் பாதியைத் தள்ளிப்போட்டால் ஸ்கேனில் உள்ள பீடம் ஒன்றாகவும் கையிலுள்ள பீடம் வேறாகவும் இருக்கும்.

4. வெளிச்சம்: கீற்றும் நீலத் தார்ப்பாயும் வேண்டாம்

இங்கே கெட்டுப்போகும் ஸ்கேன்களில் பலவும் வெளிச்சத்தால்தான் கெடுகின்றன. வெயிலில் எடுத்தால் நிழல் சிலையின் நிறத்தோடு ஒட்டிவிடும். பிறகு திரையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் மூக்கின் நிழல் கன்னத்திலேயே நிற்கும்.

கீற்றுக் கொட்டகைக்குள் வைத்தால் ஓலை இடுக்கு வழியாக விழும் வெயில் பொட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். மென்பொருள் அவற்றைச் சிலையின் புள்ளிகளாக நினைத்துக் குழம்பும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தால் சுடுமண் ஊதா நிறமாக வரும். அதைப் பின்னால் சரிசெய்தாலும் தோலில் ஒரு சாம்பல் பூச்சு மிஞ்சும்.

செய்ய வேண்டியது இதுதான். நாலு கம்பு நட்டு, இரட்டையாக மடித்த வெள்ளை வேட்டியைச் சிலைக்கு ஒன்றரை மீட்டர் மேலே கட்டுங்கள். காலை 7 முதல் 9 மணிக்குள், அல்லது மேகம் மூடிய நாளில் எடுங்கள். ஆடி மாதக் கச்சான் காற்று வீசும்போது வெளியே எடுக்காதீர்கள். வேட்டி படபடத்தால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் உள்ள அறையே போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளடிக்கும்.

லென்ஸில் உப்புத்திவலை படியும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். நேரே வேட்டி முனையால் துடைத்தால் மணல் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்திருங்கள், இல்லையென்றால் லென்ஸ் வியர்த்துவிடும்.

5. பளபளப்பை அடக்குங்கள்

பல படங்களில் ஒரே புள்ளியை அடையாளம் கண்டுதான் மென்பொருள் உருவத்தைக் கட்டுகிறது. மெருகேற்றிய கருங்கல், சங்கின் உட்புறம், வார்னிஷ் அடித்த மரம் இவற்றில் மின்னும் புள்ளி கேமராவோடு சேர்ந்து நகரும். விளைவு, வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் பருப்பருவாக வரும். சங்கின் மெல்லிய உதடு வெளிச்சத்தை ஊடுருவ விடுவதால் இன்னும் மோசம்.

தானாக ஆவியாகும் ஸ்கேனிங் ஸ்ப்ரேதான் பாதுகாப்பான வழி. விலை அதிகம். டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் கலந்து பூசும் மலிவு முறையும் உண்டு, மெருகேற்றிய கல்லுக்கு அது சரி. ஆனால் பிரெஞ்ச் பாலிஷ் போட்ட மரத்தில் ஸ்பிரிட் பட்டால் பாலிஷே கரைந்துவிடும். சுடுமண்ணின் நுண்துளைகளில் பவுடர் தங்கிவிடும். இரண்டிலும் செய்யாதீர்கள்.

ஸ்ப்ரே அடித்தால் நிறம் மறையுமே? அதற்கு இரண்டு சுற்று. முதலில் ஸ்ப்ரே இல்லாமல் நிறத்துக்காக, பிறகு சிலையை ஒரு மி.மீ. கூட நகர்த்தாமல் ஸ்ப்ரேயோடு உருவத்துக்காக. விளக்குக்கு போலரைசர் தாளும் லென்ஸுக்கு போலரைசரும் வைத்து, ஒன்றுக்கொன்று 90 டிகிரி திருப்பியும் மினுக்கத்தை அறுக்கலாம். அது கல்லுக்கும் சங்குக்கும் நன்றாக வரும். வெண்கலம் கருத்துப்போகும், அங்கே ஸ்ப்ரேதான்.

6. படம் எடுக்கும் வரிசை

முதலில் நீங்கள் சுற்றப் போகிறீர்களா, சிலை சுற்றப் போகிறதா என்று முடிவு செய்யுங்கள். சிலை நின்று நீங்கள் சுற்றினால் பின்புலத்தில் அசையாத, விதவிதமான பொருள்கள் இருப்பது நல்லது. தரையில் பழைய செய்தித்தாளை விரிக்கலாம். சிலையைச் சுழல் பலகையில் வைத்துத் திருப்பினால் நேர் எதிர். பின்புலம் வெறுமையான ஒரே நிறத் துணியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அசையாத சுவரைப் பிடித்துக்கொண்டு, சிலையின் எல்லாப் பக்கத்தையும் ஒரே இடத்தில் குவித்துவிடும். இரண்டு முறையையும் கலப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. பின்னால் காயப்போட்ட வலையும் அசையும் வேப்பங்கிளையும் எந்த முறைக்கும் ஆகாது.

கேமரா அமைப்பு: ஐஎஸ்ஓ 100, எஃப் 8 முதல் எஃப் 11 வரை, வெள்ளைச் சமநிலை கைமுறையில் ஒரே எண், ரா கோப்பு, ட்ரைபாட், 2 நொடி டைமர். எஃப் 16-ஐத் தாண்டினால் உளித்தடம் மங்கும். 35 முதல் 50 மி.மீ. லென்ஸ் போதும், நடுவில் ஜூம் செய்யாதீர்கள். போன் என்றால் 1எக்ஸ் கேமரா மட்டும். போர்ட்ரெய்ட், அழகூட்டல், எச்டிஆர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டியிருக்க வேண்டும். சில போன்களில் உள்ள லைடார் (லேசர் அளவி) அறையை அளக்க உதவும், உளித்தடத்தை அது பிடிக்காது.

சுற்றுகள்:

முதல் சுற்று சிலையின் நடு உயரத்தில், 10 டிகிரிக்கு ஒன்றாக 36 படம். இரண்டாவது மேலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்து 36. மூன்றாவது தாழ்வாக, தாடைக்கும் கைக்கும் அடிப்பகுதி தெரிய 36. அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்கு ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அக்குள், காதின் பின்புறம், மடிப்பு போன்ற குழிவுகளுக்குத் தனியாக 30 முதல் 50 படம். நேரே பக்கத்தில் போய் எடுக்காமல் மூன்று நான்கு படத்தில் படிப்படியாக நெருங்குங்கள். திடீரென்று நெருங்கினால் அந்தப் படம் எங்கே சேர்வது என்று மென்பொருளுக்குத் தெரியாது.

சிலையைப் படுக்க வைத்து அடிப்பக்கத்துக்கு இன்னும் 36. இதைத் தனித் தொகுதியாகச் சேமித்துப் பின்னால் இணைக்க வேண்டும். அடிப்பக்கம் இல்லாத மாடலைத் தலைகீழாகத் திருப்பினால் உள்கூடு தெரியும்.

பக்கத்தில் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் இரண்டை வைக்க மறக்காதீர்கள். படங்களிலிருந்து கட்டும் உருவத்துக்கு அளவு என்று ஒன்று கிடையாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

7. உருவம் கட்டுதல்

படங்களிலிருந்து உருவம் கட்டும் மென்பொருள்களில் மெஷ்ரூம் இலவசம். எபிக் நிறுவனத்தின் ரியாலிட்டிஸ்கேன், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம், ஆக நம் எல்லோருக்கும் இலவசம். இரண்டுக்கும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், 16 ஜிபி ராம் குறைந்தபட்சம். கணினி இல்லையென்றால் பாலிகேம், கிரி எஞ்சின் போன்ற போன் செயலிகள் படங்களைத் தங்கள் சர்வரில் ஏற்றிக் கட்டித்தரும்.

முதலில் படங்களை ஒழுங்குபடுத்தும் கட்டத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் படங்கள் சேர்ந்திருந்தால் மேலே போகலாம். குறைந்தால் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்க்காமல், விட்டுப்போன கோணத்தைத் திரும்ப எடுங்கள். கெட்ட படத்திலிருந்து நல்ல உருவத்தை எந்த அமைப்பும் தராது. இதற்காகத்தான், இந்தக் கட்டம் முடியும்வரை சிலையை அதே இடத்தில் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து அளவு. ஸ்கேலில் இரண்டு புள்ளி குறித்து 0.3 மீட்டர் என்று கொடுங்கள். முப்பரிமாண உருவத்தைக் கடைசியில் சேமிக்கும் ஜிஎல்பி கோப்பின் அலகு மீட்டர். இதைத் தவறவிட்டால் 45 செ.மீ. சிலை, வாங்கியவர் போனில் ஏஆர் (கேமரா வழியே சிலை தன் எதிரில் நிற்பதுபோல் காட்டும் வசதி) திறக்கும்போது பாம்பன் பாலம் உயரத்துக்கு நிற்கும்.

8. சுருக்குங்கள், ஆனால் வழிக்காதீர்கள்

கட்டிய உருவம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. அதில் பல லட்சம் முக்கோணங்கள் இருக்கும், போனில் திறக்காது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு நகலை 80 ஆயிரம் முதல் 1.5 லட்சம் முக்கோணத்துக்குக் குறைத்து, மூல உருவத்தின் நுண்விவரத்தை நார்மல் மேப்பாக (மேடுபள்ளத்தைக் காட்டும் படமாக) அதன்மேல் இறக்குங்கள். டெக்ஸ்சர் (உருவத்தின்மேல் போர்த்தும் நிறப் படம்) 2048 பிக்சல் சதுரம் போதும். மொத்தக் கோப்பு 25 எம்பிக்குள் இருக்கட்டும்.

ஓட்டைகளை அடைக்கலாம், மிதக்கும் துண்டுகளை நீக்கலாம். 'ஸ்மூத்' கருவியைத் தொடாதீர்கள். அது இரைச்சலையும் உளித்தடத்தையும் பிரித்துப் பார்க்காது.

மேற்பரப்பின் சொரசொரப்பு எண்ணையும் கையால் கொடுக்க வேண்டும். சுடுமண்ணுக்கு 0.9, மெருகேற்றிய கல்லுக்கு 0.3 அளவில் தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். உலோக எண் வெண்கலத்துக்கு 1, மற்ற எல்லாவற்றுக்கும் 0. இதை விட்டுவிட்டால் கருங்கல் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

ஏற்றுமதிக்கு முன் அளவையும் திருப்பலையும் 'அப்ளை' செய்யுங்கள். கோப்பைக் குறைந்தது இரண்டு போனில் திறந்து பாருங்கள், ஒன்று பழைய ஆண்ட்ராய்டாக இருக்கட்டும்.

மூல உருவத்தை இணையத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். டோக்கனோடு போகும் கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடியும். அதை வைத்து அச்சு வார்க்கவும் முடியும். மூலம் உங்களிடம் மூன்று நகலாக, இரண்டு வகைச் சாதனத்தில் இருக்கட்டும். ஒரு நகல் கரையைவிட்டுத் தள்ளி, பரமக்குடியிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில் இருந்தால் புயல் நாளில் தூக்கம் வரும்.

9. கோப்பு ஏற்றும் வரிசை

டோக்கனின் கோப்புகளை ஐபிஎஃப்எஸ் என்ற, பல கணினிகளில் பரவிய சேமிப்பு வலையில் வைப்போம். ஐபிஎஃப்எஸ்-ல் கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஒரு பிக்சல் மாறினாலும் முகவரி மாறும். அதனால் முதலில் ஜிஎல்பியையும் முகப்புப் படத்தையும் ஏற்றி, அவற்றின் முகவரிகளை விவரக் கோப்பில் எழுதி, பிறகு விவரக் கோப்பை ஏற்றுங்கள். மின்ட் செய்யும்போது கொடுப்பது இந்த மூன்றாவது முகவரி.

விவரக் கோப்பில் 'இமேஜ்' என்ற இடத்தில் முகப்புப் படமும், 'அனிமேஷன் யூஆர்எல்' என்ற இடத்தில் ஜிஎல்பியும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் சந்தையில் வெறும் சாம்பல் கட்டம்தான் தெரியும். முகவரி 'ஐபிஎஃப்எஸ்' என்றே தொடங்கட்டும், ஏதோ ஒரு தளத்தின் வழியாக வரும் இணைப்பாக வேண்டாம். அந்தத் தளம் மூடினால் படமும் போகும்.

தமிழ் விவரத்தை யூனிகோடில் தட்டச்சுங்கள். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய பிரசுரத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும், மின்டுக்குப் பின் அது அழியாது. பொருள், உயரம், எடை, முடித்த ஆண்டு, செய்த ஊர், பதிப்பு எண், ஒப்பந்தப் பக்கத்தின் முகவரி இவை போதும்.

ஏற்றினால் மட்டும் கோப்பு நிலைக்காது, யாராவது அதை 'பின்' செய்து, அதாவது தங்கள் சர்வரில் விடாமல் வைத்திருக்க வேண்டும். பினாட்டா போன்ற சேவைக்கு மாதக் கட்டணம் கட்டலாம், அல்லது ஒரே தடவை பணம் கட்டும் ஆர்வீவ் என்ற சேமிப்பு வலையில் வைக்கலாம். மாதக் கட்டணத்தை மறக்கிறவர் என்றால் இரண்டாவது.

10. வாலட்

இரண்டு வாலட் வையுங்கள்: மின்டுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று. யாராவது அனுப்பிய இணைப்பில் கையெழுத்திட்டு ஏமாந்தாலும் ஒன்று தப்பும். "உங்கள் சிலையை வாங்குகிறேன், இந்தத் தளத்தில் மின்ட் செய்யுங்கள்" என்று அறிமுகமில்லாதவர் கேட்டால் அது திருட்டு, பேச்சையே வளர்க்காதீர்கள்.

வாலட் திறக்கும்போது தரும் 12 மீட்பு வார்த்தைகளைப் (வாலட்டின் சாவி இவைதான்) படம் எடுக்காதீர்கள், வாட்ஸப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். காகிதம் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எழுத்து முத்திரை உளி கையில் இருக்கும், துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் குத்திவிடுங்கள். இந்த வார்த்தைகளை எடுக்கும் ஆங்கிலப் பட்டியலில் ஒவ்வொரு வார்த்தையும் முதல் நாலு எழுத்திலேயே தனித்துத் தெரியும் என்பதால் வார்த்தைக்கு நாலு எழுத்துப் போதும். வரிசை எண்ணையும் குத்துங்கள்.

11. ஒத்திகை, பிறகு மின்ட்

முதலில் எத்தீரியம் பிளாக்செயினின் செப்போலியா சோதனை வலையில் மின்ட் செய்து பாருங்கள், பணம் ஆகாது. முகப்புப் படம், சுழலும் மாடல், தமிழ் எழுத்து மூன்றும் சரியாக வந்தபின் உண்மையான வலைக்குப் போங்கள். எத்தீரியம் முதன்மை வலையில் கேஸ் கட்டணம் (பதிவுக்கு வலை வாங்கும் கட்டணம்) ஏறி இறங்கும். பேஸ், பாலிகான், டெசோஸ் என்ற வலைகள் மலிவு. டோக்கன் வகை ஒற்றைச் சிற்பத்துக்கு இஆர்சி 721, பல பதிப்புக்கு இஆர்சி 1155; டெசோஸில் மட்டும் இரண்டுக்கும் எஃப்ஏ2.

ராயல்டி (டோக்கன் மறுபடி விற்கும்போது உங்களுக்கு வரும் பங்கு) 5 முதல் 10 சதவீதம் போடலாம். ஆனால் அதைச் சந்தைத் தளம் மதித்தால்தான் உண்டு. ஓப்பன்சீ என்ற சந்தைத் தளம் 2023-ல் கட்டாயத்தைக் கைவிட்டது. அந்தப் பணத்தை நம்பி முதல் விலையைக் குறைக்காதீர்கள்.

மின்ட் முடிந்ததும் டோக்கன் இணைப்பைச் சிப்பில் எழுதி, மூன்று போனில் தொட்டுப் பார்த்து, பிறகு பூட்டுங்கள். பூட்டினபின் மாற்ற முடியாது.

12. கணக்கும் அனுப்புதலும்

மெய்நிகர் டிஜிட்டல் சொத்தாகக் கருதப்படும் விற்பனை வருமானத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி, மேல்வரி தனி. கொள்முதல் விலை தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, நட்டத்தை ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ்-ம் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தேதி, பரிமாற்ற எண், அன்றைய ரூபாய் மதிப்பு மூன்றையும் அன்றே நோட்டில் எழுதுங்கள். முதல் பிரிவில் சொன்ன ஒப்பந்தப் பக்கத்தோடு, விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். கிரிப்டோவை ரூபாயாக்க, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாகவே போங்கள். முகம் தெரியாதவர் அக்கவுண்டுக்கு நேரே பணம் போட்டால், அது மோசடிப் பணமாக இருந்து உங்கள் வங்கிக் கணக்கு முடங்கலாம்.

சிலை வெளிநாடு போவதானால், தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிடுங்கள். கல், வெண்கலச் சிலைகளைச் சுங்கத்தில் நிறுத்திக் கேட்பார்கள். செதுக்கும்போது எடுத்த தேதியுள்ள படங்கள் அங்கே உதவும். மரச் சிலையைப் பெட்டிக்குள் வைக்கும் முன் இரண்டு நாள் உலர்ந்த அறையில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். சிப் இருக்கும் பக்கத்தைப் பெட்டியின் வெளியே அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். வாங்கியவர் பிரித்ததும் போனை எங்கே வைப்பது என்று தேடமாட்டார்.